கல்வி கேள்வி–பதில்: நீங்கள் எந்த மாநிலத்து மாணவர்?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ள அரசுப் பள்ளியில் பிளஸ் டூ ஹ்யூமானிட்டீஸ் பிரிவில் படிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பிளஸ் ஒன் தேர்வில் 600க்கு 470 மதிப்பெண் வந்தது. அப்பா தென்னந்தோப்பில் கூலி வேலை செய்கிறார். பொருளியல் படிக்க வேண்டும், அதுவும் அரசுப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். பொள்ளாச்சியில் இருக்கும் மாமா, அவர் வீட்டு முகவரிக்கு ரேஷன் கார்டை மாற்றிக்கொண்டு கோயம்புத்தூரில் சேரச் சொல்கிறார். என் மதிப்பெண்ணுக்கு வாய்ப்பு எவ்வளவு? மாமா சொல்வது சரியா?
– ஒரு மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணைச் சொல்லிவிட முடிந்தால் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அப்படிச் சொன்னால் அது உங்களைத் தவறான பக்கம் திருப்பிவிடும். நீங்கள் பெற்றிருக்கும் எழுபத்தெட்டு சதவீதம் ஒரு நுழைவாயிலில் முழுமையாகக் கணக்கில் எடுக்கப்படும், இன்னொன்றில் தேர்ச்சி பெற்றதற்கான அடையாளமாக மட்டுமே பார்க்கப்படும். எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு இதற்கும் முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்த மாநிலத்தின் மாணவராக உங்களை எண்ணுவார்கள் என்பதே அது. மாமாவின் யோசனை அந்தக் கேள்வியைத் தொடுவதால் அதற்குப் பின்னர் வருகிறேன்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றதும் பெரிய வளாகமும் அதற்குள் வகுப்பறைகளும் நம் மனதில் தோன்றுகின்றன. உங்கள் பகுதிக்குரிய கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கப்பட்டுத் தேஞ்ஞிப்பலத்தில் இயங்கிவருகிறது. அதன் இளங்கலை இடங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வளாகத்தில் இல்லை, அதனுடன் இணைக்கப்பட்ட அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலுமே இருக்கின்றன. சித்தூர் அரசுக் கல்லூரியிலோ பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரியிலோ சேர்ந்து படிக்கும் மாணவி அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவியே, அவர் பெறும் பட்டத்தில் இருப்பதும் அப்பல்கலைக்கழகத்தின் முத்திரையே. வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் இருப்பதாலேயே அந்த இடத்தைக் குறைத்து மதிப்பிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த வாயிலில் நுழைவுத் தேர்வு இல்லை. கேப் என்று எல்லோரும் சொல்லும் ஒற்றைச் சாளர முறையில் இணையம் வழியாக ஒரே விண்ணப்பம் போட வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டு, பாடத்துக்குப் பாடம் மாறும் விதிப்படி குறியீட்டு மதிப்பெண் ஒன்றைக் கணக்கிட்டுத் தரவரிசை தயாரிக்கிறார்கள். கேரளத்தில் பிளஸ் ஒன் மதிப்பெண்ணும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேர்ந்துதான் 1200 ஆகிறது என்பதால், உங்கள் கணக்கில் 470 ஏற்கெனவே ஏறிவிட்டது. மீதமுள்ள 600இல் 520 வாங்கினால் மொத்தம் 990 ஆகும், அது எண்பத்திரண்டரை சதவீதம். பொருளியலுக்கு அந்த மதிப்பெண் போதுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி, இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பிரிவு மாறும். சென்ற ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன என்று அந்தந்தக் கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். என் கணிப்பைவிட அந்த விவரம் உங்களுக்கு நூறு மடங்கு பயன்படும்.

மதிப்பெண் போதுமானதாக இருந்தும் விருப்ப வரிசையைத் தவறாகக் கொடுத்ததனாலேயே இடத்தை இழக்கிறவர்கள் உண்டு. கிடைக்கும் என்று நம்புவதை முதலில் போட்டு, உண்மையில் வேண்டியதைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். கல்லூரி இடத்தை வழங்கும் அலாட்மென்டில், வரிசை மேலிருந்து கீழாகவே பார்க்கப்படுகிறது. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே இருப்பவை தாமாகவே நீங்கிவிடும். ஆகவே மனம் விரும்புகிற கல்லூரியை முதலில் எழுதுங்கள், பாதுகாப்புக்கானவற்றைப் பின்னர் எழுதுங்கள். முதல் அலாட்மென்டில் கிடைத்தது பிடிக்கவில்லை என்றாலும், குறிப்பிட்ட நாளுக்குள் கட்டாயக் கட்டணத்தைச் செலுத்தி அதைத் தக்கவைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். கட்டத் தவறினால் கைக்கு வந்த இடமும் போய், அடுத்து வரவேண்டியதும் போய்விடும். 2024ஆம் ஆண்டு முதல் கேரளத்தில் இளங்கலை நான்கு ஆண்டுத் திட்டமாக மாறியிருக்கிறது. மூன்று ஆண்டு முடித்துப் பட்டத்துடன் வெளியேறவும் அதில் வழி உண்டு.

இரண்டாவது வாயில் மத்தியப் பல்கலைக்கழகங்கள். 2022 முதல் அவற்றின் இளங்கலை இடங்களுக்கு க்யூட் என்னும் பொதுத் தேர்வு நடக்கிறது. உங்கள் 470க்கு அங்கே தரவரிசையில் பங்கு இல்லை, பிளஸ் டூவில் வேண்டிய குறைந்தபட்சத் தகுதி இருந்தால் போதும். 2025இல் நடந்த முறைப்படி, ஒருவர் அதிகபட்சம் ஐந்து தாள்கள் எழுதலாம். ஒவ்வொரு தாளிலும் 50 வினாக்கள், 60 நிமிடம், சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிவு. அந்த ஆண்டில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள் என்பதை அஞ்சுவதற்காகச் சொல்லவில்லை, ஆயத்தமாவதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்கு இதில் சாதகமான செய்திகள் இரண்டு உண்டு, அவற்றைப் பள்ளியில் யாரும் உங்களிடம் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். க்யூட்டின் பாடத்தாள்கள், என்சிஇஆர்டி என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் பாடநூல்களை ஒட்டியே அமைகின்றன. கேரளத்துப் பிளஸ் டூவில் நீங்கள் படிக்கும் பொருளியலும் வரலாறும் அரசியல் அறிவியலும் அந்த நூல்களைத் தழுவியவையே என்பதால், இந்தத் தேர்வுக்கென்று புதிதாக ஒரு புத்தகக் குவியலை வாங்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் புத்தகத்தை வரி விடாமல் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அடுத்து, தேர்வை எழுதும் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. மொழித்தாளாகவும் தமிழை எடுக்கலாம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த உங்களுக்கு அந்தத் தாள் மதிப்பெண்ணை அள்ளித்தரும் தாளாக அமையக்கூடும். ஆனால் நீங்கள் சேர விரும்பும் படிப்பு எந்த மொழியையும் ஏற்கிறதா, ஆங்கிலத்தையே கேட்கிறதா என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பாடத்தாளின் மொழியைப் பொறுத்தவரை, பிளஸ் டூவில் பொருளியலை ஆங்கிலச் சொற்களில் படித்துவிட்டுத் தேர்வில் மட்டும் தமிழுக்கு மாறினால், கலைச்சொற்களை நினைவுகூர்வதிலேயே நேரம் போய்விடும். எந்த மொழியில் பாடத்தைப் படித்தீர்களோ அந்த மொழியிலேயே எழுதுவது நல்லது.

பொருளியல் என்பதில் மறைந்திருக்கும் ஒரு தடையையும் சொல்லியாக வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் படிக்கக் கணிதத் தாளும் எழுதியிருக்க வேண்டும். ஹ்யூமானிட்டீஸ் பிரிவில் கணிதம் படிக்காத உங்களுக்கு அந்த வாயில் மூடியிருக்கிறது, அதற்காக விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம். ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலையாகப் பொருளியலை நடத்துகிறது. அதற்கு எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்பதை, க்யூட் விண்ணப்பத்தில் தாள்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காசர்கோட்டில் இருக்கும் கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் 2009இல் தொடங்கப்பட்டவை. இரண்டிலும் இளங்கலைப் படிப்புகள் குறைவு என்பதால், உங்கள் பாடம் அந்த ஆண்டின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவற்றை நம்பலாம். க்யூட் எழுதினால் இடம் தானாக வந்துவிடாது. மதிப்பெண் வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். இதை அறியாமல் நல்ல மதிப்பெண்ணோடு வீட்டில் காத்திருந்த பிள்ளை ஒருவரை எனக்குத் தெரியும். 2025இல் மார்ச் மாதம் விண்ணப்பம் பெற்று, மே, ஜூன் மாதங்களில் தேர்வு நடத்தி, ஜூலை முதல் வாரத்தில் முடிவை வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஆண்டு இந்த நாட்கள் முன்பின் நகரும் என்பதால், ஜனவரி முதலே அறிவிப்பைக் கவனித்து வாருங்கள்.

இனி மாமாவின் யோசனை. அன்பினால் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனாலும் அதைச் செய்யாதீர்கள். ரேஷன் கார்டில் முகவரியை மாற்றுவதால் யாரும் தமிழ்நாட்டு மாணவராகிவிட முடியாது. படித்த பள்ளி எங்கே இருந்தது, பெற்றோரின் பூர்விகம் எது என்பவற்றைத்தான் அங்கே கேட்பார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும், மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக அமைக்கப்பட்டவை. கேரளத்து அரசுப் பள்ளியில் படித்த நீங்கள் அவற்றுக்குள் வரமாட்டீர்கள். வேற்று மாநிலத்தவராகப் பொதுப் பிரிவில் போட்டியிட்டு ஓர் இடம் பெறலாம், அதில் தவறேதும் இல்லை. ஆனால் அதற்காகக் கேரளத்தில் உங்களுக்கு இருக்கும் இடஒதுக்கீட்டையும் கட்டணச் சலுகையையும் கைவிட்டுச் செல்கிறீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். உண்மைக்கு மாறான முகவரியைக் காட்டிச் சேர்ந்து, சான்றிதழ் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டால், இரண்டாம் ஆண்டிலும்கூடச் சேர்க்கையை நீக்கிவிடுவார்கள்.

பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவரானால், மாநிலப் பட்டியல் வேறு, மத்தியப் பட்டியல் வேறு என்பதை நினைவில் வையுங்கள். மத்தியப் பட்டியலும் மாநிலவாரியாகவே பிரிக்கப்பட்டிருப்பதால், கேரளத்துக்கான பகுதியில் உங்கள் சமூகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்பதைக் காட்டும் நான்–கிரீமி லேயர் சான்றிதழை அந்த நிதியாண்டிலேயே புதிதாக வாங்க வேண்டும். மாநிலக் கல்லூரிக்காக வாங்கிய சான்றிதழை அங்கே ஏற்கமாட்டார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இப்பிரிவினருக்கு 27 சதவீத இடம் உண்டு, ஒரு தாள் அதற்குத் தடையாக நிற்கக் கூடாது.

என் முடிவை நேரடியாகச் சொல்கிறேன். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கேப் விண்ணப்பத்தை முதன்மையாகக் கொள்ளுங்கள். பொருளியலோடு, கிடைத்தால் மனநிறைவோடு படிப்பீர்கள் என்னும் இன்னொரு பாடத்தையும் விருப்ப வரிசையில் சேருங்கள். க்யூட்டையும் எழுதுங்கள். இந்த அளவு கவனத்தோடு செய்தால், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உங்களுக்கு ஓர் இடம் கிடைப்பதற்கான வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. அந்த இடம் பொருளியலாகவே அமையுமா என்பதை வரும் மார்ச் மாதத் தேர்வு முடிவு செய்யும்.

கேள்வி: ஐயா, நாங்கள் வண்டிப்பெரியாற்றுக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். லயத்து வீட்டில்தான் இருக்கிறோம். என் மகள் இங்கேயே பிறந்து, பிளஸ் டூவில் பயாலஜி சயின்ஸ் படிக்கிறாள். இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். என் மாமனாரின் ஊர் கம்பத்துப் பக்கம். நாங்கள் பட்டியல் இனத்தவர். இங்கே ஜாதிச் சான்றிதழ் கேட்டால் 1950க்கு முந்தைய ஆதாரம் கேட்கிறார்கள். அவளுக்கு அரசுக் கல்லூரி கிடைக்குமா?
– ஒரு தாய், பீருமேடு வட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளின் மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, எழுதியதெல்லாம் சான்றிதழைப் பற்றியே. தோட்டப் பகுதியில் ஒரு பிள்ளையின் கல்லூரி வாய்ப்பை எது அடைத்து நிற்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

பட்டியல் இனத்தவர் யார் என்பதை 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை மாநிலவாரியாக வரையறுத்தது. அந்த நாளில் குடும்பம் எங்கே நிலையாக வாழ்ந்ததோ அந்த மாநிலத்தின் பட்டியலில்தான் அந்தக் குடும்பத்துக்கு உரிமை என்பதே நடைமுறை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 1990இல் தீர்ப்பளித்தது. 1956இல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் மலையேறி வந்து தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்று 1950இன் ஆதாரத்தைக் கேட்கிறார்கள். சட்டத்தின் கணக்கு அது என்றாலும், மூன்று தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு பிள்ளை வெளியாளாக நிற்க நேர்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்கள் மாமனாரோ அவருடைய தந்தையோ 1950க்கு முன்பே தோட்டத்துக்கு வந்திருந்தால், அதைக் காட்டும் பழைய பதிவுகளைத் தேடுங்கள். தோட்ட அலுவலகத்தின் பெயர்ப் பதிவேடு, அவர்களோ அவர்களின் உடன்பிறந்தவர்களோ சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு போன்றவை பல குடும்பங்களுக்கு இருந்தும் தேடப்படாமல் கிடக்கின்றன. கிடைத்ததைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள். வாய்மொழியாகச் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு மேல்முறையீடு செய்ய முடியாது.

பதிவு கிடைக்காவிட்டாலும் எல்லா வழியும் அடைபட்டுவிடவில்லை. மத்திய அரசின் ஜாதிச் சான்றிதழ்ப் படிவத்தில், வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவருக்கெனத் தனிப்பத்தி ஒன்று இருக்கிறது. தந்தைக்குத் தமிழ்நாட்டில் வழங்கப்பட்ட சான்றிதழின் அடிப்படையில், நீங்கள் இப்போது வாழும் மாவட்டத்தின் அதிகாரி அந்தப் படிவத்தை வழங்கலாம். கேரள அரசின் ஒதுக்கீட்டுக்கு அது உதவாது, ஆனால் என்ஐடி, ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் உள்ள 15 சதவீத ஒதுக்கீட்டுக்கு உதவும். ஆகவே முதல் வேலையாக உங்கள் கணவர் பெயரில் தேனி மாவட்டத்தில் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

மகளின் சேர்க்கையைப் பற்றி இனி. பயாலஜி சயின்ஸ் பிரிவில் கணிதமும் இருப்பதால் கேரளத்தின் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான கீம் எழுத அவருக்குத் தகுதி உண்டு. தேர்வு மதிப்பெண்ணுக்குப் பாதி, பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணுக்குப் பாதி என்று தரவரிசை அமைகிறது. கேரளத்திலேயே பிறந்தவர் என்பதால் பிறப்புச் சான்றிதழே அவருக்குப் பெரிய ஆதாரம். வில்லேஜ் ஆபீசிலிருந்து பெறும் நேட்டிவிட்டி சான்றிதழையும் அக்‌ஷயா மையம் வழியாக இப்போதே விண்ணப்பித்து வைத்துவிடுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே பைனாவில் அரசு இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது, முதல் விருப்பங்களில் அது இடம் பெறட்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்விலோ நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கட்–ஆஃப் கணக்கிடுகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை வெளிமாநிலத்தில் படித்தவர் அங்கே தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். இங்கே கேரளத்தவர் என்றும் அங்கே தமிழ்நாட்டவர் என்றும் இரண்டு சான்றிதழ் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் விண்ணப்பிப்பது பின்னாளில் பெரும் சிக்கலில் கொண்டுபோய்விடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கேயே பிறந்து இங்கேயே படித்த பிள்ளைக்குக் கேரளப் பக்கமே உறுதியானது என்பது என் கருத்து.

பெயரின் எழுத்தையும் சரிபார்த்துவிடுங்கள். தமிழ் முறைப்படி முன்னால் வரும் தலைப்பெழுத்து, கேரளத்துச் சான்றிதழ்களில் பெயருக்குப் பின்னால் வந்துவிடும். பழனிச்சாமி என்ற பெயர் எல்லைக்கு இந்தப் பக்கம் ழகரத்துக்குரிய ஆங்கில எழுத்துகளோடும் அந்தப் பக்கம் லகரத்துக்குரிய எழுத்தோடும் பதிவாகும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் இந்த ஒரே காரணத்தால் சரிபார்ப்பு நாளில் திருப்பி அனுப்பப்பட்டு, திருத்தம் வாங்கி வருவதற்குள் அந்தச் சுற்றே முடிந்துவிட்டது. எஸ்எஸ்எல்சி புத்தகம், ஆதார், தந்தையின் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் மறையூரில் பிளஸ் ஒன் படிக்கிறேன். தமிழ்நாட்டில் படிக்கும் என் அத்தை மகன், பிளஸ் ஒன் மதிப்பெண் கல்லூரிக்குக் கணக்கில்லை, பிளஸ் டூவில் படித்தால் போதும் என்கிறான். உண்மையா?
– ஒரு மாணவர், தேவிகுளம் வட்டம்

பதில்: தம்பி, அத்தை மகன் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பின் 600 மதிப்பெண்ணே கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கு. கேரளத்தில் படிக்கும் உங்களுக்கு அப்படியில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள 200இல் பாதி பிளஸ் ஒன்னில்தான் முடிவாகிறது, பிளஸ் டூவில் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தப் பாதி அப்படியே நிற்கும். முதல் தேர்வில் குறைந்துவிட்டால் மூன்று பாடங்கள் வரை இம்ப்ரூவ்மென்ட் தேர்வு எழுத வழி உண்டு. ஆனால் பிளஸ் டூ பாடங்களைப் படித்துக்கொண்டே அதையும் எழுதுவது பெரும் சுமை. இந்த ஆண்டுத் தேர்வை இறுதித் தேர்வாகவே எண்ணிப் படியுங்கள். எந்தப் பாடத்தில் பட்டம் படிக்க விரும்புகிறீர்களோ அந்தப் பாடத்தின் பிளஸ் ஒன் தாளுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள்.